வானிலிருந்து பார்த்த ஆலைகள்: ‘பிரிட்டன் ஃப்ரம் அபவ்’ இணையச் சேவை

கோயம்புத்தூரின் பழைய நூற்பாலைகளில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு, இயந்திரங்களின் பக்கச் சட்டத்தில் இரும்போடு இரும்பாக வார்க்கப்பட்டிருந்த சில பெயர்கள் மறக்காது. பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம். டாப்சன் அண்ட் பார்லோ, போல்டன். ஹோவர்ட் அண்ட் புல்லோ, அக்ரிங்டன். ட்வீடேல்ஸ் அண்ட் ஸ்மாலி, காசில்டன். அந்தச் சட்டங்களுக்கு எண்ணெய் விட்டும் பல்சக்கரம் மாற்றியும் 22 ஆண்டுகளைக் கழித்தவன் நான். பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த இங்கிலாந்து ஊர்கள் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் வேலைக்கு நடுவே பலமுறை வந்து போயிருக்கிறது.

ஆலை மூடப்பட்ட பிறகு, உடன் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் இருந்த பழைய புகைப்படங்களைச் சேகரிக்கத் தொடங்கினேன். ஆயுத பூஜை அன்று எடுத்த குழுப்படம், புது இயந்திரம் வந்து இறங்கிய நாளில் எடுத்த படம், பணி ஓய்வு பெற்றவருக்கு மாலை போட்டு எடுத்த படம் என்று அவை பல வகை. பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் ஆலையின் பெயரோ ஆண்டோ எழுதப்பட்டிருக்கவில்லை. படத்தில் இருக்கும் மனிதர்களை அடையாளம் சொல்ல வீட்டில் ஒருவராவது இருந்தார். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் கட்டடத்தை அடையாளம் சொல்லத்தான் ஆளில்லை. கட்டடத்தைப் பார்த்து அதன் வேலையைச் சொல்லும் பழக்கம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு, விடை தெரிந்த படங்கள் நிறைய உள்ள ஒரு தொகுப்பைத் தேடினேன். அப்படித்தான் ‘பிரிட்டன் ஃப்ரம் அபவ்’ என்ற இணையதளத்துக்கு வந்து சேர்ந்தேன். மூன்று ஆண்டுகளாக ஏறத்தாழ வாரந்தோறும் அதைப் பயன்படுத்தி வருகிறேன். பழைய தொழிற்கட்டடங்களைப் படத்தில் பார்த்து இனம் காண விரும்பும் எவருக்கும் இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை என்பது என் கருத்து. அதன் எல்லைகளையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1919-இல், பிரான்சிஸ் வில்ஸ், கிளாட் கிரகாம்-ஒயிட் என்ற இருவர் சேர்ந்து ‘ஏரோஃபிலிம்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வில்ஸ் கட்டடக்கலை படித்தவர்; போரில் விமானத்திலிருந்து வேவு பார்க்கும் பணியில் இருந்தவர். கிரகாம்-ஒயிட் விமானம் ஓட்டுவதில் முன்னோடி. போரில் பகைவனின் அகழிகளைப் படமெடுத்த கலையை அமைதிக்காலத்தில் வணிகமாக்கியதுதான் அவர்கள் செய்தது. ஆலை முதலாளிகள் தங்கள் ஆலையை வானிலிருந்து படமெடுக்கச் சொல்லி, அதை விளம்பரத்திலும் நிறுவனக் கடிதத்தாளிலும் பயன்படுத்தினார்கள். இப்படிச் சேர்ந்த பத்து லட்சத்துக்கும் அதிகமான நெகட்டிவ்கள் 2007-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் மரபுப் பாதுகாப்பு அமைப்புகளின் கைக்கு வந்தன. அவற்றுள் மிகப் பழையவையும் சிதையும் நிலையில் இருந்தவையுமான 95,000-க்கும் மேற்பட்ட படங்கள், 1919 முதல் 1953 வரையிலானவை, மின்வடிவாக்கப்பட்டு இந்தத் தளத்தில் வைக்கப்பட்டுள்ளன. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், குறிப்பு எழுதலாம், படத்தின் மேலேயே ஓர் இடத்தில் குறி வைத்து ‘இது இன்னது’ என்று சொல்லலாம்.

பெரிதாக்கிப் பார்ப்பது என்ற ஒன்றுக்காகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். தொடக்கக் காலப் படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டவை. விமானம் தாழப் பறந்து சாய்கோணத்தில் எடுத்த நல்ல தகடு ஒன்றைத் திரை நிறையப் பெருக்கினால், ஆலை முற்றத்தில் நிற்கும் வண்டியும், பாயிலர் அறைக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் நிலக்கரிக் குவியலும், எதிர்த்தெருவின் கொல்லைப்புறக் கயிற்றில் காயும் துணியும்கூடத் தெரிகின்றன. எல்லாப் படங்களும் அப்படி இல்லை. தலைப்பிலேயே ‘சேதமடைந்த நெகட்டிவிலிருந்து எடுக்கப்பட்டது’ என்றோ ‘அச்சுப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது’ என்றோ எழுதியிருக்கிறார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. சில படங்களில் ஆலையைச் சுற்றிக் கோடு கிழித்திருக்கும். முதலில் அதைக் கீறல் என்றுதான் நினைத்தேன். வாடிக்கையாளருக்கு எந்தப் பகுதியை வெட்டி அச்சிட வேண்டும் என்று நிறுவனத்தார் போட்ட குறி அது. அடையாளம் தேடுபவருக்கு அந்தக் கோடு ஒரு வரம், ஏனென்றால் படத்தில் தெரியும் பத்துப் பன்னிரண்டு கட்டடங்களுள் எதற்காக விமானம் அங்கே பறந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது.

புதிதாக வருபவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பிளாக்பர்னுக்குத் தெற்கே உள்ள டார்வென் என்ற சிறு நகரைத் தேடச் சொல்வேன். அங்கே தவறவே முடியாத ஓர் அடையாளம் இருக்கிறது: ‘இந்தியா மில்’ என்ற ஆலையின் புகைபோக்கி. 1867-இல் முடிக்கப்பட்ட இது 303 அடி உயரம். உருண்டையாகவோ எண்கோணமாகவோ இல்லாமல், சதுரமாக, இத்தாலியத் தேவாலயத்தின் மணிக்கோபுரம் போல அலங்கார வேலைப்பாட்டுடன் நிற்கிறது. மேற்கே மேட்டு நிலத்தில் 1898-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காகக் கட்டிய கோபுரம் ஒன்று உண்டு. இந்த இரண்டும் ஒரே படத்தில் அகப்பட்டால், படமெடுத்தவர் எங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தார் என்பது கிடைத்துவிடும்; அதன்பின் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஆலையாகப் பெயர் சொல்லிப் போகலாம். பெயர் தெரியாத படத்தில் முதலில் அசையாத இரண்டு பொருள்களைக் கண்டுபிடி என்ற பாடத்தை நான் டார்வெனில்தான் கற்றுக்கொண்டேன். அந்த ஊரின் துணிக்கு இந்தியாதான் பெரிய சந்தையாக இருந்தது. நம் ஊரில் அந்நியத் துணி மறுப்பு வலுத்தபோது அங்கே தறிகள் நின்றன. இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தியடிகள், 1931 செப்டம்பரில் அந்த வேலையிழந்த மக்களைப் பார்க்கவே லங்காஷயருக்குப் போனார். ஆலைப் பெண்கள் சூழ, அவர் சிரித்தபடி நிற்கும் புகழ்பெற்ற படம் டார்வெனின் கிரீன்ஃபீல்டு மில்லில் எடுக்கப்பட்டது. நாம் பலமுறை பார்த்த படம் அது. அந்த ஊரின் வான்படங்களைப் பார்த்த பிறகு, அந்தப் பெண்கள் காலையில் எந்த மாதிரித் தெருவிலிருந்து கிளம்பி எந்த மாதிரிக் கூரைக்கடியில் போய் நின்றார்கள் என்பது என் கண்ணில் நிற்கிறது.

இனி, இந்தத் தளம் உண்மையில் கற்றுத் தருவது எது என்பதற்கு வருகிறேன். கட்டடத்தின் வடிவம் அதன் வேலையிலிருந்து வருகிறது. வேலை தெரிந்தால் வடிவத்தைப் படிக்கலாம். லங்காஷயரில் தெற்கே ஓல்டாம், போல்டன் பக்கம் நூற்பும், வடக்கே பர்ன்லி, பிளாக்பர்ன், நெல்சன் பக்கம் நெசவும் அதிகம். தெற்கில் எடுத்த படங்களில் நான்கு, ஐந்து, ஆறு தளங்கள் கொண்ட, பெட்டி போன்ற கட்டடங்கள் வரிசையாக நிற்கும். வடக்கில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒற்றைத்தளக் கூடங்கள், ரம்பத்தின் பற்கள் போல மடிந்த கூரையோடு பரந்து கிடக்கும். தறி அடிக்கும் அடியில் கட்டடம் அதிரும். அதனால் தறியைத் தரையில்தான் நிறுத்த வேண்டும். நெய்பவருக்கு நிழல் விழாத, கண் கூசாத வெளிச்சம் வேண்டும். அதனால் கூரையின் செங்குத்தான பக்கத்தை வடக்கு நோக்கி வைத்து அதில் கண்ணாடி பதித்தார்கள். பர்ன்லிக்கு அருகே ஹார்ல் சைக்கில் 1894-இல் கட்டப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக இருக்கும் குவீன் ஸ்ட்ரீட் மில் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நீராவி இயந்திரம் இன்னும் இருக்கிறது.

இந்த வடக்கு வெளிச்சக் கூரை, படத்தில் திசை காட்டும் கருவியாகவும் பயன்படுகிறது. இங்கிலாந்தில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் இருக்கும். ஆகவே நண்பகலில் புகைபோக்கியின் நிழல் விழும் பக்கமும் கூரையின் கண்ணாடி பார்க்கும் பக்கமும் ஒன்றாகவே அமையும். மனையின் அமைப்புக்காகச் சில கூடங்களைச் சற்றுத் திருப்பிக் கட்டியிருப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வடக்கு எது என்று சொல்லிவிடலாம். நம் ஊரில் நிழலை மட்டும் நம்ப முடியாது. ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் பிற்பாதி வரை கோயம்புத்தூரில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்துவிடுகிறது. கூரை மட்டும் இங்கும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது, ஏனென்றால் நம் ஆலைகளின் கூரை வடிவமும் அங்கிருந்து வந்ததுதான்.

நூற்பாலையைப் படிப்பது இன்னும் சுவையானது. ஒருநாள், ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மடிக்கணினியில் ஓல்டாம் பக்கத்து ஆலை ஒன்றின் படத்தைப் பெருக்கி அவர் முன் வைத்தேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். அந்த நாட்டைப் பார்த்ததும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். ஐந்து தளக் கட்டடத்தின் தரைத்தளம் மட்டும் ஒருபக்கம் ஒற்றைத்தளக் கூடமாக வெளியே நீண்டிருந்ததைத் தொட்டுக் காட்டி, “இது கார்டிங்கா இருக்கோணும் தம்பி. கார்டிங் மிசின எப்பவும் கீழதானுங்க போடுவாங்க, மேல போட்டா கட்டடம் தாங்காதுங்க” என்றார். (கார்டிங் என்பது நூற்பதற்கு முன் பஞ்சைச் சீவி ஒழுங்குபடுத்தும் பிரிவு.) பிறகு நிலக்கரிக் குவியல், அதை ஒட்டிப் பாயிலர் அறை, அதன் தலைமாட்டில் புகைபோக்கி, அடுத்து உயரமான வளைவுச் சன்னல்கள் கொண்ட இன்ஜின் அறை என்று விரலை நகர்த்திக்கொண்டே போய், இன்ஜின் அறைக்கு மேலே கட்டடத்தின் உயரம் முழுவதற்கும் சன்னல் வரிசை அற்றுப் போயிருந்த ஒரு குறுகிய பட்டையில் நிறுத்தினார். “இங்க மட்டும் ஏன் சன்னல் இல்லீங்க?” என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. தேடிப் படித்த பிறகு தெரிந்தது, அது கயிற்று அறை. நீராவி இயந்திரத்தின் பெருஞ்சக்கரத்திலிருந்து தடித்த பருத்திக் கயிறுகள் அந்தப் பட்டைக்குள்தான் ஏறி, ஒவ்வொரு தளத்திலும் இயந்திரங்களை ஓட்டும் தண்டைச் சுழற்றின. விகன் நகரின் டிரெஞ்சர்ஃபீல்டு மில்லில் 1907-இல் நிறுவப்பட்ட 2,500 குதிரைத்திறன் இயந்திரம் இன்றும் அதன் கயிறுகளோடு காட்சிக்கு ஓட்டப்படுகிறது. ஒரு நூற்பாலை நீராவியில் கயிறுகொண்டு ஓடியதா என்பதை அந்தச் சன்னலற்ற பட்டை ஒன்றை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. அந்த ஒரு கேள்விக்காக அந்தப் பெரியவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மற்ற அடையாளங்களும் இதே முறையில் பிடிபட்டன. ஆலைக்குப் பக்கத்தில் சதுரமாகவோ மனையின் மூலைக்கேற்ற வடிவிலோ ஒரு குளம் இருக்கும். இயந்திரத்தின் நீராவியைக் குளிர்விக்கும் நீர் அதில்தான் நின்றது. அந்தப் பகுதி மக்கள் அதை ‘லாட்ஜ்’ என்கிறார்கள், தளத்தின் குறிப்புகளிலும் அந்தச் சொல் வரும். கூரைக்கு மேலே எழும் கோபுரம் அழகுக்காக மட்டும் கட்டியதன்று; பஞ்சில் தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் குழாய்களுக்கான தொட்டி அதன் உச்சியில் இருந்தது. அந்தக் கோபுரத்திலோ புகைபோக்கியிலோ வெள்ளைச் செங்கல்லால் ஆலையின் பெயரைப் பதிப்பது வழக்கம், ஆகவே பெருக்கிப் பார்க்கும்போது முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். புகைபோக்கியின் வடிவம் காலத்தையும் ஓரளவு காட்டும்: பொதுவாகச் சதுரம் பழையது, எண்கோணம் இடைக்காலம், உருண்டை பிந்தியது. இந்த விதியை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டார்வெனின் சதுரப் புகைபோக்கியே சாட்சி. பணமும் ஆசையும் உள்ள முதலாளி வழக்கத்தை மீறிக் கட்டுவார்.

புகையும் ஒரு குறிப்பு. லங்காஷயர் ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாரம் ஊர் முழுவதும் ஆலைகளை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போவார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம். புகையே இல்லாத தெளிந்த படம் கிடைத்தால் அந்த விடுமுறை வாரமா, ஞாயிற்றுக்கிழமையா, அல்லது ஆலை நின்றுபோன காலமா என்று நான் யோசிக்கிறேன். 1920-க்குப் பின் வந்த சரிவும், 1929-இல் நலிந்த ஆலைகளை வாங்கிச் சேர்க்க உருவான லங்காஷயர் காட்டன் கார்ப்பரேஷனும், நூல் நூற்கும் கதிர்களை உடைத்து அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க 1936-இல் வந்த சட்டமும் இந்தப் படங்கள் எடுக்கப்பட்ட அதே ஆண்டுகளுக்கு உரியவை. அதனால் இத்தொகுப்பில் உள்ள ஆலைகளுள் பலவற்றுக்கு இவையே கடைசிக் காலப் படங்கள். ராய்ட்டன் என்ற ஊரில் 1926-இல் கட்டப்பட்ட எல்க் மில், மியூல் என்ற பழைய வகை நூற்பு இயந்திரங்களுக்காக அங்கே கட்டப்பட்ட கடைசிப் பெரிய ஆலை, 1999-இல் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் உள்ள கடைவளாகம் அதன் பெயரை மட்டும் தாங்கி நிற்கிறது. மில்ன்ரோவின் எல்லன்ரோடில் ஆலை போய்விட்டது, இன்ஜின் அறையும் புகைபோக்கியும் தப்பித்து நிற்கின்றன. இப்படி எஞ்சிய துண்டை மட்டும் பார்த்தவருக்கு, அது எந்த உடலின் உறுப்பு என்பதை வான்படம்தான் காட்டும்.

இனி எச்சரிக்கைகள். தளத்தில் பயனர்கள் எழுதியுள்ள குறிப்புகளில் பொன்னும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. ‘இந்த வாசலுக்கு வெளியேதான் என் பாட்டி அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்து நிற்பார்’ என்ற வகைக் குறிப்பு எந்த ஆவணத்திலும் கிடைக்காது. ஆனால் நினைவிலிருந்து எழுதப்படும் ஆலைப் பெயர் பக்கத்து ஆலையின் பெயராக இருந்துவிடுவதும் உண்டு, ஏனென்றால் ஒரே தெருவில் ஒரே சாயலில் மூன்று ஆலைகள் இருந்த ஊர்கள் அவை. இடம் தெரியாத படங்கள் என்று தனியாக வைக்கப்பட்டிருந்தவற்றுள் பலவற்றுக்குப் பயனர்களே இடம் கண்டு சொல்லியிருக்கிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரு பெயரை ஏற்பதற்கு முன் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறேன்.

அந்த விதி என் சொந்தப் பிழையிலிருந்து வந்தது. ரம்பப்பல் கூரையைக் கண்டதும் நெசவுக்கூடம் என்று முடிவு கட்டி, அப்படியே நண்பர்கள் சிலருக்கு எழுதியும் அனுப்பிவிட்டேன். பின்னர் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் அந்த இடத்தைப் பார்த்தபோது, அங்கே இரும்பு வார்ப்புக்கூடம் என்று எழுதியிருந்தது. மீண்டும் படத்தைப் பெருக்கினேன். முற்றத்தில் அடுக்கியிருந்ததை நான் துணிச் சிப்பங்கள் என்று நினைத்திருந்தேன். அவை வார்ப்பு இரும்புச் சட்டங்கள். குளிர்விக்கும் குளம் அங்கே இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். இரும்பையே தொட்டு வாழ்ந்தவன் அதைத் தவறவிட்டது இன்றும் உறுத்துகிறது. அன்று முதல் அந்த நூலகத்தின் தளத்தைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் வான்படம் பார்ப்பதில்லை. அதுவும் கட்டணமற்றது. பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை மைலுக்கு 6 அங்குலம், 25 அங்குலம் என்ற அளவுகளில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரைந்த படங்களை, இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு இடமும் வலமுமாக வைத்து ஒன்றாக நகர்த்திப் பார்க்கலாம். அல்லது ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மேலுள்ளதைச் சிறிது சிறிதாக மங்கச் செய்யலாம். பருத்தி ஆலை, புகைபோக்கி, நீர்த்தேக்கம் எல்லாம் அந்த வரைபடங்களில் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். வான்படத் தளத்தைத் தனியாக மதிப்பிட்டால் நல்ல சேவை என்பேன். இந்த வரைபடங்களோடு சேர்த்துப் பயன்படுத்தினால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கிறது.

தளத்தின் எல்லைகள் சில இயல்பானவை. படமெடுத்தது பணம் கொடுத்தவருக்காக என்பதால், வசதியுள்ள ஆலை பல கோணங்களில் இருக்கிறது. அதன் அடுத்த சந்தில் இருந்த சிறு தறிக்கூடம் தற்செயலாகத்தான் மூலையில் அகப்படுகிறது. தேடல் முழுவதும் பெயரைச் சார்ந்தது: ஊர்ப்பெயரோ ஆலைப்பெயரோ தெரிய வேண்டும், ‘எண்கோணப் புகைபோக்கி’ என்று வடிவத்தைச் சொல்லித் தேடி எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கைபேசியின் சிறு திரையில் இந்தப் படங்களைப் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் அநீதி; மேசைக்கணினியோ மடிக்கணினியோ அவசியம். படங்களின் வரிசை எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளையும் கவனிக்கச் சொல்வேன்: இ.பி.டபிள்யூ. என்றால் இங்கிலாந்து, போருக்கு முன், இ.ஏ.டபிள்யூ. என்றால் இங்கிலாந்து, போருக்குப் பின். எஸ், டபிள்யூ என்று தொடங்குபவை முறையே ஸ்காட்லாந்து, வேல்ஸ்.

பருத்தி தவிர மற்ற தொழில்களிலும் இதே பயிற்சி செல்லும். ஸ்டோக் பகுதியின் பீங்கான் சூளைகள் பெரிய புட்டிகளைப் போல வீடுகளுக்கு நடுவே எழுந்து நிற்பதை ஒருமுறை பார்த்தால் போதும். நிலக்கரிச் சுரங்கத்தை அதன் வாய்க்கு மேல் சக்கரம் தாங்கி நிற்கும் சட்டகம் காட்டிக்கொடுக்கும். எரிவாயுத் தொட்டி உருளையாக இருக்கும், வாயு கூடக் குறைய அது ஏறி இறங்கும் என்பதால் ஒரே தொட்டி இரண்டு படங்களில் இரண்டு உயரத்தில் தெரியும்.

எனக்கு இதில் உள்ள பெரிய இடைவெளி வேறு. தளம் கட்டடத்தை மேலிருந்து காட்டுகிறது. என்னிடம் உள்ள படங்களெல்லாம் தரையில் நின்று எடுத்தவை. கூரையில் கற்றதைச் சுவரில் பொருத்திப் பார்க்க நாமே பழக வேண்டும். சன்னல்களின் எண்ணிக்கை, அவற்றின் வளைவு, கூரை மடிப்பின் பக்கத்தோற்றம், தொட்டிக் கோபுரம் எந்தத் தோளுக்குப் பின்னால் எழுகிறது என்பவைதான் இங்கே உதவுகின்றன. நம் பக்கத்துக்கே உரிய ஓர் அடையாளமும் உண்டு. 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் காலத்து ஆலைகளுக்கு நீராவியும் புகைபோக்கியும் வேண்டியிருந்தன. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூரில் புற்றீசல் போல் எழுந்த ஆலைகளுக்குப் புகைபோக்கி தேவைப்படவில்லை. லங்காஷயரில் புகைபோக்கி இல்லாத ஆலையைக் கண்டால் ஏதோ குறைகிறது என்று தோன்றும். இங்கே அது ஆண்டைச் சொல்கிறது.

ஆறு ஆண்டுகளாக என் மேசையில் ஒரு படம் இருந்தது. பன்னிரண்டு பேர், நடுவில் நாற்காலியில் ஒருவர், பின்னால் நீண்ட சுவர். கூரையின் மடிப்புகளில் செங்குத்தான பக்கங்கள் எல்லாம் படத்தின் இடப்பக்கம் நோக்கியிருந்தன. அந்தப் பக்கம் வடக்கு என்றால், படமெடுத்தவர் கிழக்கு நோக்கி நின்றிருக்கிறார். நிற்பவர்களின் நிழல் பின்சுவரில் விழுந்திருக்கிறது. ஆகவே சூரியன் மேற்கே, நேரம் பிற்பகல். சுவருக்கு மேலே மின்கம்பம் தெரிகிறது, புகைபோக்கி எங்கும் இல்லை. சாலையை ஒட்டி, கிழக்கு நோக்கி நின்றால் இப்படி ஒரு நீண்ட சுவர் அமையும் ஆலைகள் என்று பழைய ஊழியர்களோடு உட்கார்ந்து கழித்துக்கொண்டே வந்ததில் இரண்டு மிஞ்சின. அந்த இரண்டின் பெயரையும் நகலின் பின்புறம் பென்சிலால் எழுதி, பைக்காராவுக்குப் பின், பிற்பகல், கிழக்கு நோக்கி என்றும் சேர்த்து, படத்தைக் கொடுத்த குடும்பத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா பின்புறத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “அப்ப இது அவங்க ரெண்டாவதா போன மில்லாத்தான் இருக்கோணும். மொத மில்லுல பெரிய சிம்னி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க” என்றார்.